பிரவுசருக்குள் இன்னொரு தேடுபொறி: விசுவமடுக் கடையிலிருந்து ஒரு நெடுநாள் அனுபவம்

பிரவுசரில் தேடுபொறியை மாற்றுங்கள் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அந்தரங்கத்தைத்தான் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது இரண்டாவது காரணம். தமிழில் எதைத் தேடினாலும் தமிழ்நாட்டுப் பக்கங்களே முதலில் வந்து நிற்பதுதான் முதல் காரணம். அங்கே எழுதுகிறவர்கள் அதிகம், பக்கங்களும் அதிகம். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நான் இலங்கையின் வன்னியில் உள்ள விசுவமடுவில், ஏ35 வீதியோரம் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். கேட்டு வருகிற சனத்துக்கு இந்த நாட்டுப் பதில்தான் வேண்டும்.

"தம்பி, உந்தத் தத்திக்கு என்ன மருந்து எண்டு ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்று காலபோகத்தில் வயலால் நேரே வருகிற ஐயாமார் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வது நெல்லைத் தாக்குகிற கபில நிறத் தத்திப் பூச்சி. தமிழ்நாட்டில் அதற்குப் புகையான் என்று பெயர். தேடினால் புகையானுக்கு மருந்தின் பெயரும் ஏக்கருக்கு எவ்வளவு என்ற கணக்கும் உடனே வந்துவிடும். அந்த மருந்து இலங்கையில் பதிவாகியிருக்கிறதா என்பது அந்தப் பக்கத்தில் இராது. பீடைகொல்லிப் பதிவாளரிடம் பதிவான மருந்தைத்தான் இங்கே விற்கலாம். காணி அலுவலும் இப்படித்தான். அனுமதிப்பத்திரத்தை மகன் பெயருக்கு மாற்றுவது பற்றித் தேடினால் பட்டா, சிட்டா என்று வேறொரு நாட்டு நடைமுறை விரியும். அதைப் படித்துவிட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போய் என்ன பயன்?

2023 கடைசியில் கடைக் கணினிகள் எல்லாவற்றிலும் மாற்றுத் தேடுபொறிகளைச் சேர்த்தேன். இன்று வரை அப்படியேதான் ஓடுகிறது. அவற்றில் எனக்கு அதிகம் உழைத்தது எந்த நிறுவனமும் தந்த தேடுபொறி அல்ல, நானே செய்துகொண்ட ஒன்று. அதன் வேலை இலங்கை அரசாங்கத் தளங்களுக்குள் மட்டும் தேடுவது. செய்வது மிகவும் சுகம். எந்தத் தேடுபொறியிலும் தேடுகிற சொல்லுக்கு முன்னால் சைட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி போட்டு, இடைவெளி விடாமல் ஜிஓவி டொட் எல்கே என்று சேர்த்தால், முகவரி அப்படி முடிகிற தளங்கள் மட்டும் வரும். ஒவ்வொரு முறையும் இதை அடிக்க ஆளுக்குப் பொறுமை வராது. பிரவுசரிடம் ஒருமுறை சொல்லிவைத்தால் பிறகு ஒரு எழுத்துப் போதும்.

குரோமில் செற்றிங்ஸுக்குப் போய்த் தேடுபொறி என்ற பகுதியைத் திறந்தால், தேடுபொறிகளையும் தளத் தேடலையும் நிர்வகிக்கும் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே 'சேர்' என்பதை அழுத்தினால் மூன்று கட்டங்கள் வரும்: பெயர், குறுக்குச்சொல், முகவரி. மூன்றாவதில்தான் ஆட்கள் தடுக்குப்படுகிறார்கள். தேடிய சொல் முகவரியில் எங்கே வருகிறதோ, அந்த இடத்தில் நூற்றுவீதக் குறியும் அதோடு ஒட்டிச் சின்ன எஸ்ஸும் போட வேண்டும். தமிழ்ச் சொல்லைத் தேடிப் பார்த்து அந்த முகவரியைப் பிரதி பண்ணினால் தலை சுற்றும். யூனிகோட் தமிழில் ஒரு குறியீடு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் முகவரியில் மூன்று எழுத்தாக மாறும். ஆகவே 'அ' என்ற ஒரு எழுத்தே ஒன்பது எழுத்தாக நீண்டு கிடக்கும். இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிற வழி: அந்தத் தளத்தில் முதலில் 12345 என்று தேடுங்கள். முகவரியில் 12345 பளிச்சென்று தெரியும். அதை அழித்துவிட்டு நூற்றுவீதக் குறியையும் எஸ்ஸையும் போடுங்கள். முடிந்தது.

குறுக்குச்சொல்லைத் தமிழிலேயே வையுங்கள். தமிழ் கீபோர்டில் இருக்கும்போது ஒரு எழுத்துக்காக ஆங்கிலத்துக்கு மாறி, திரும்பத் தமிழுக்கு வருவது பெரிய கரைச்சல். என் கடையில் 'அ' அடித்து இடைவெளி விட்டால் அரசாங்கத் தளங்கள், 'வி' என்றால் தமிழ் விக்கிப்பீடியா, 'நூ' என்றால் நூலகம்.

நூலகத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடச் சொல்ல வேண்டும். 2005இல் தொடங்கிய அந்த எண்ணிம நூலகத்தில் இலங்கைத் தமிழ் நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள், கோயில் மலர்கள், நினைவு மலர்கள் என்று ஏராளம் இருக்கிறது, எல்லாம் இலவசம். அதன் பெயரைத் தெரியாதவர்கள் எங்கள் பக்கம் குறைவு. ஆனால் போய்த் தேடுகிறவர்கள் அதிலும் குறைவு. பொதுத் தேடுபொறியில் தேடினால் அங்கே இருக்கிற பழைய மலர் ஒன்று முதல் பக்கத்தில் வருவது அரிது. முகவரிப் பெட்டியிலிருந்து நேரே அங்கே போகிற வழி இருந்தால் நிலைமை வேறு. 2009க்குப் பிறகு வன்னியில் பழைய புத்தகம் வைத்திருக்கிற வீடு எத்தனை? இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடைசியில் உடுத்த உடுப்போடு வந்த சனம். படம் இல்லை, மலர் இல்லை, பெற்றார் இறந்தபோது நினைவுக்கு அச்சடித்த கல்வெட்டுப் புத்தகம்கூட இல்லை. என்னிடம் கல்வெட்டு அச்சடிக்க வருகிறவர்களிடம் இப்போது ஒன்று கேட்பேன்: உங்கள் ஆட்களில் யாருக்காவது முன்னர் நினைவு மலர் வந்ததா, எந்தப் பாடசாலையில் படிப்பித்தார்கள், எந்தக் கோயில் பரிபாலன சபையில் இருந்தார்கள்? 'நூ' அடித்துப் பெயரைக் கொடுத்துப் பார்ப்போம். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. கிடைத்த ஒரு அக்கா தகப்பனின் படத்தை அச்செடுத்துக்கொண்டு போனார். அவரிடம் அதற்கு முன் தகப்பனின் படம் ஒன்றும் இருக்கவில்லை. இந்தக் கடையில் நான் செய்த வேலைகளில் அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

நூலகத்தில் தேடும்போது சொல்லை வெறும் பெயராகக் கொடுங்கள். இரணைமடுவில் என்று கொடுத்தால் ஒன்று, இரணைமடு என்று கொடுத்தால் வேறொன்று. வேற்றுமை உருபைக் கழற்றிவிட்டுத் தேடுவது எந்தத் தேடுபொறிக்கும் நல்லது. பெயர்களைப் பிரித்தும் சேர்த்தும் இரண்டு விதமாகவும் பாருங்கள்.

சரி, டிஃபோல்ட் தேடுபொறிக்கு, அதாவது குறுக்குச்சொல் எதுவும் இல்லாமல் அடித்தால் பிரவுசர் தானாகத் தேடுகிற இடத்துக்கு வருவோம். கடையில் அது டக்டக்கோ. 2008இல் கேப்ரியல் வைன்பெர்க் தொடங்கிய அமெரிக்கத் தேடுபொறி. பலர் மாறி மாறி உட்காருகிற கணினிக்கு அது பொருந்துகிறது. தேடுகிறவர் யார் என்று அது கணக்கு வைப்பதில்லை, அதனால் முதலில் இருந்த பெடியன் தேடியதை வைத்து அடுத்து வருகிற ரீச்சருக்கு முடிவுகள் மாறுவதில்லை. ஆனால் இதை அளவுக்கு மீறி நம்பவும் கூடாது. பிரவுசரின் வரலாற்றுப் பட்டியலில் எல்லாம் இருக்கும், அதைத் தனியாக அழிக்க வேண்டும். இணைய இணைப்புத் தருகிற நிறுவனத்துக்கு எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதும் தெரியும். டக்டக்கோவுக்கு எளிய வடிவம் ஒன்று இருக்கிறது, லைட் என்று பெயர், வெறும் எழுத்துகள் மட்டும். மழைக்காலத்தில் சிக்னல் ஒரு கோட்டில் நிற்கும்போது அது எனக்குப் பெரிய உதவி. அதையும் 'லை' என்று தனியாகச் சேர்த்திருக்கிறேன்.

டக்டக்கோவின் பெரும்பாலான இணைய முடிவுகள் மைக்ரோசொஃப்டின் பிங் தேடுபொறியிலிருந்து வருகின்றன என்பதையும் தெரிந்து வைத்திருங்கள். 2024 மே 23 அன்று பிங் முடங்கியபோது டக்டக்கோவும் ஈக்கோசியா என்ற இன்னொரு தேடுபொறியும் சேர்ந்தே முடங்கின. ஆகவே ஒன்றுக்கு மாற்றாக இன்னொன்றைச் சேர்க்கும்போது இரண்டும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளுகின்றனவா என்று பார்க்க வேண்டும். பிரேவ் தேடல் 2021இல் சொந்தச் சுட்டியோடு, அதாவது இணையப் பக்கங்களைத் தானே திரட்டிய பட்டியலோடு வந்தது, பிரித்தானியாவின் மோஜீக்கும் அப்படியே. ஸ்டார்ட்பேஜ் நெதர்லாந்தில் இருந்து, முக்கியமாகக் கூகுளின் முடிவுகளை எடுத்துத் தருவது. இன்று நடந்த செய்தி, பக்கத்துக் கடை திறந்திருக்கிறதா, பஸ் நேரம் போன்றவற்றுக்குத் தமிழில் மாற்றுத் தேடுபொறிகள் இன்னும் பின்னால்தான் நிற்கின்றன. அதற்குக் கூகுளையும் பட்டியலில் விட்டுவைத்திருக்கிறேன். ஒன்றைச் சேர்க்க மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

டிஃபோல்ட் என்பதற்கு என்ன விலை என்று அமெரிக்க வழக்கொன்றில் வெளிவந்தது. பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடலை டிஃபோல்டாக வைத்திருக்கக் கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டொலர் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கில் 2024 ஓகஸ்டில் கூகுளுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. இவ்வளவு காசு கொடுத்து வாங்குகிற இடத்தை மாற்றும் உரிமை நம் கையில் சும்மா கிடக்கிறது. அதனால்தான் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று கடைக்கு வருகிற ஐசிடி ரீச்சர்மாரிடம் விடாமல் கேட்கிறேன்.

என் அரசாங்கத் தேடலில் ஒரு ஓட்டை இருக்கிறது. தேசிய கல்வி நிறுவகத்தின் முகவரியில் ஜிஓவி இல்லை, ஆகவே ஆசிரியர் வழிகாட்டிகள் அந்த வளையத்துக்குள் அகப்படாது. அதற்குத் தனியாக ஒன்று செய்ய வேண்டியிருந்தது. எந்தத் தேடுபொறியாலும் தீராத இன்னொரு சிக்கல் பாமினி. முன்னர் எங்கள் ஆட்கள் நடத்திய தளங்கள் பல பாமினி எழுத்துருவில் இருந்தன. திரையில் தமிழாகத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், யூனிகோடில் தேடினால் பிடிபடாது. பாமினி ரைப்பிங் தெரிந்தவர்கள் எழுத்துருவை மாற்றாமலே அந்த விசைகளை அடித்து, வருகிற ஆங்கிலக் குழப்பத்தை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடிப் பாருங்கள். சிலவேளை அகப்படும்.

தேடுபொறியை மாற்றித் தருகிறோம் என்று சொல்லும் நீட்சிகளை, அதாவது பிரவுசரில் கூடுதலாகச் சேர்க்கிற சின்ன மென்பொருள்களை, தயவுசெய்து நிறுவ வேண்டாம். தேடலைத் திருப்பி விளம்பரத்துக்குள் தள்ளுகிற அப்படிப்பட்டவற்றைப் பலருடைய மடிக்கணினிகளில் இருந்து நான் அகற்றிக் கொடுத்திருக்கிறேன். இந்த வேலைக்கு பிரவுசரே போதும். பயர்பொக்ஸில் இன்னும் இலகு. 2025இல் வந்த 140ஆம் பதிப்பிலிருந்து, தளத்தின் தேடல் கட்டத்தில் வலது கிளிக் பண்ணியே சேர்த்துக்கொள்ளலாம்.

போனில் மட்டும் கொஞ்சம் வித்தியாசம். அன்ட்ரொயிட் குரோமில் நாமே முகவரி கொடுத்துச் சேர்க்க வழியில்லை. அண்மையில் போய்ப் பார்த்த தேடல் தளங்கள் செற்றிங்ஸில் தேடுபொறிப் பட்டியலின் கீழே தாமாக வரும், அதில் ஒன்றைத் தெரிவு செய்யலாம். பயர்பொக்ஸை இறக்கினால் அந்தத் தடை இல்லை, கணினியில் செய்ததுபோலவே பெயரும் முகவரியும் நூற்றுவீதக் குறியும் எஸ்ஸும் கொடுத்துச் சேர்க்கலாம். எங்கள் பக்கம் பெரும்பாலானவர்களிடம் போன்தான் இருக்கிறது. ரீலோட் போட வருகிறவர்கள் கேட்டால் அங்கேயே நின்று செய்து கொடுக்கிறேன், காசு எடுப்பதில்லை. விவசாயிகளுக்கு முதலில் 'அ', படிப்பிக்கிறவர்களுக்கு முதலில் 'நூ'.