ஆர்லாண்டோவில் ஓர் இரவு விருந்து: எந்த மேஜை, எந்த மாலை?

எங்கள் முதல் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் பயணத்தில், இரவு எட்டே முக்காலுக்கு ஓர் உயர்தர உணவகத்தில் மேஜை கிடைத்ததும் பெரும் பேறு வாய்த்ததைப் போல மகிழ்ந்தோம். அன்று காலை எட்டரைக்கே பூங்கா வாசலில் நின்றிருந்தோம். இரவில் இரண்டாவது தட்டு வருவதற்குள் ஏழு வயது மகள் என் மடியில் தூங்கிவிட்டாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களை மேஜைக்கடியில் நீட்டியபடி, "சாப்பாடு நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் உட்கார முடியவில்லை" என்றார். சமையலில் ஒரு குறையும் இல்லை. நாங்கள் தேர்ந்தெடுத்த மாலைதான் பிசகு.

அதன் பிறகு மூன்று முறை போய்வந்திருக்கிறோம். நல்ல விருந்தையும் பூங்காவையும் ஒரே மாலையில் சேர்க்க நினைப்பவர்கள் பெரும்பாலும் உணவகத்தின் பெயரில்தான் தொடங்குகிறார்கள். முதலில் நாளைத் தேர்ந்தெடுங்கள் என்பேன். டிஸ்னி வேர்ல்டில் உள்ள நான்கு பூங்காக்களின் மாலைகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை. மேஜிக் கிங்டமும் எப்காட்டும் வாணவேடிக்கையோடு முடிகின்றன. ஹாலிவுட் ஸ்டுடியோஸில் திறந்தவெளி இரவுக்காட்சி உண்டு. அனிமல் கிங்டமில் மட்டும் வாணவேடிக்கை கிடையாது. அங்குள்ள விலங்குகள் அதைத் தாங்கா. அந்தப் பூங்கா காலையில் சீக்கிரம் திறந்து, பெரும்பாலான நாட்களில் மற்றவற்றுக்கு முன்பே மூடிவிடுகிறது. இரவு உணவுக்கு மூன்று மணி நேரம் ஒதுக்கினாலும் எதையும் இழக்காத நாள் அதுதான். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், கீழே வரும் ஒப்பீடு பாதி முடிந்ததைப் போல.

கலிஃபோர்னியா கிரில், விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ்

ஒப்பிட்டே ஆக வேண்டிய இரட்டையர் இவர்கள். இரண்டும் மேஜிக் கிங்டமை ஒட்டிய ஏரிக்கரை ஹோட்டல்களில் இருக்கின்றன. இரண்டுக்கும் மோனோரெயிலில் போகலாம். மற்றபடி கிழக்கும் மேற்கும்தான்.

கலிஃபோர்னியா கிரில், கன்டெம்பொரரி ஹோட்டலின் 15-ஆவது மாடியில் இருக்கிறது. ஹோட்டல் 1971 அக்டோபர் 1 அன்று பூங்காவோடு சேர்ந்தே திறக்கப்பட்டது. உணவகம் 1995-இல் வந்தது. மூன்று சுற்று கொண்ட நிலையான விலை விருந்து. பெரியவர்களுக்கு 2022-இல் 89 டாலர், வரியும் டிப்ஸும் தனி. குழந்தைகளுக்குத் தனிப் பட்டியல் உண்டு. உடையைப் பற்றி யாரும் கடுமை காட்டுவதில்லை. நீச்சல் உடையோடு போகாமல் இருந்தால் போதும். பூங்கா வாசலிலிருந்து பத்து நிமிட நடை. வெளியே வரும் மோனோரெயிலுக்கு முதல் நிறுத்தமே இந்த ஹோட்டல்தான். ஆனால் திரும்பிப் போகும்போது அதே ரயில் ஏரியை முழுவதும் சுற்றித்தான் பூங்காவை அடையும். ஆகவே திரும்புகையில் நடந்துவிடுங்கள். போகிற வழியில், ரயில் ஊடுருவிச் செல்லும் அந்த மாபெரும் கூடத்தில் நிமிர்ந்து பாருங்கள். டிஸ்னியின் ஓவியர் மேரி பிளேர் வரைந்த, பீங்கான் ஓடுகளால் ஆன 90 அடி உயரச் சித்திரம் நிற்கிறது. அதில் ஓர் ஆட்டுக்கு ஐந்து கால்கள். என் மகள் அதைத் தேடிக் கண்டுபிடித்த ஐந்து நிமிடங்களில்தான் அன்றைய களைப்பை மறந்தாள்.

இந்த உணவகத்தின் பெருமை ஜன்னல்தான். வாணவேடிக்கை தொடங்கும்போது உள்ளே விளக்குகளை மங்கச் செய்து, பூங்காவின் இசையை ஒலிக்க விடுகிறார்கள். இதை நம்பித்தான் பலர் இங்கே மேஜை தேடுகிறார்கள். ஆனால் முதல் முறை வருபவர்களுக்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'ஹாப்பிலி எவர் ஆஃப்டர்' என்ற அந்தக் காட்சியில் பாதி, பூங்காவின் நடுவிலுள்ள கோட்டையின் முகப்பிலும் அதற்கு எதிரே நீளும் மெயின் ஸ்ட்ரீட் கட்டடங்களின் மீதும் வீழ்த்தப்படும் ஒளிப்படங்களில் இருக்கிறது. 15-ஆவது மாடியிலிருந்து வானத்து வெடிகள் தெரியும். அந்த ஒளிப்படங்கள் தெரியா. குழந்தை வாழ்நாளில் ஒரே முறை பார்க்கப்போகிறது என்றால், அதைக் கோட்டைக்கு எதிரே நிறுத்திப் பார்க்க வையுங்கள். நீங்கள் மாலை ஐந்து மணிக்கே மேலே சாப்பிட்டு, பூங்காவுக்குள் திரும்பி நடந்துவிடலாம். அதே நாளில் அதே டிக்கெட்டில் மீண்டும் உள்ளே விடுவார்கள். இரண்டு இரவுகள் கையில் இருந்தால், ஒன்றைக் கீழேயும் மற்றொன்றை மேலேயும் வைத்துக்கொள்வது அருமை. முன்னதாகச் சாப்பிட்டவர்கள் அன்றிரவே ரசீதைக் காட்டி வாணவேடிக்கைக்கு மட்டும் மேலே வரலாம் என்பது அங்கே நெடுநாள் வழக்கம். எழுந்து போகும்போதே பணியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ் வேறு உலகம். கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலில் 1988-இல் தொடங்கியது. 2000-ஆம் ஆண்டு முதல் அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் உணவகங்களுக்குத் தரும் உச்ச மதிப்பீடான ஐந்து வைரம், 2024-இல் மிஷெலின் உணவக வழிகாட்டியின் நட்சத்திரம். 2022 ஜூலையில் மீண்டும் திறந்தபோது பொதுக் கூடத்தில் ஒருவருக்கு 295 டாலர். சமையலறைக்குள்ளேயே போடப்படும் மேஜையில் 425. சிறு சிறு தட்டுகளாக, நிதானமாக, ஏறத்தாழ மூன்று மணி நேரம் பரிமாறுகிறார்கள். பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. உடையில் கண்டிப்பு உண்டு. அரைக்கால் சட்டையும் ஓட்டக் காலணியுமாக நுழைய முடியாது.

மதிப்பும் விலையும் இருக்கட்டும், அந்த மாலை எப்படிப் போகும் என்று எண்ணிப் பாருங்கள். ஃப்ளோரிடா வெயிலில் பகல் முழுவதும் நடந்துவிட்டு, அறைக்குப் போய்க் குளித்து, உடை மாற்றி, திரும்பி வர வேண்டும். அறை டிஸ்னி வளாகத்துக்கு வெளியே இருந்தால் அலைச்சல் இரட்டிப்பு. காரணம், மேஜிக் கிங்டமின் கார் நிறுத்தம் பூங்கா வாசலில் இல்லை. ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. படகிலோ ரயிலிலோ கடந்துதான் காரை அடைய வேண்டும். மோனோரெயிலிலும் பூங்காவிலிருந்து புறப்பட்டால் கிராண்ட் ஃப்ளோரிடியன்தான் கடைசி நிறுத்தம். ஏரியோர நடைபாதையில் போனால் பல நேரங்களில் விரைவாகவே போய்விடலாம். இத்தனைக்கும் பிறகு வந்து உட்கார்ந்தால், நுணுக்கமான ஒவ்வொரு கவளத்தையும் சுவைக்க நாக்கில் தெம்பு வேண்டுமே! சமையல்காரர் மாதக்கணக்கில் யோசித்து உருவாக்கியதைக் கொட்டாவியோடு விழுங்குவது அந்த உழைப்புக்குச் செய்யும் அவமரியாதை. நானும் கணவரும் போனபோது அன்று பூங்கா டிக்கெட்டே எடுக்கவில்லை. பகலில் நீச்சல்குளம், மாலையில் பட்டுப்புடவை, ஏழு மணிக்கு மேஜை. மகள் அம்மாவோடு அறையில் இருந்தாள். அந்த மூன்று மணி நேரத்தில் ஒரு முறைகூட நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

ஆகவே என் தீர்ப்பு: பூங்காவுக்குப் போகிற நாளில், குடும்பத்தோடு என்றால் கலிஃபோர்னியா கிரில். பூங்கா இல்லாத நாளில், பெரியவர்கள் இருவர் மட்டும் என்றால் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸ். இரண்டையும் இடம் மாற்றிப் போட்டால் இரண்டுமே வீணாகும்.

எப்காட்டுக்குள்ளேயே சாப்பிட்டால்

பூங்காவை விட்டு வெளியேறவே வேண்டாம் என்பவர்களுக்கு எப்காட்தான் சரியான இடம். ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள். சுற்றி வர ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர். பிரான்ஸ் அரங்கின் மாடியில் 'மஸ்யூர் பால்' என்ற உணவகம் இருக்கிறது. புகழ்பெற்ற பிரெஞ்சுச் சமையல்காரர் பால் போகூஸின் பெயரைத் தாங்கியது; 2012-இல் திறந்தார்கள். 1975-இல் பிரெஞ்சு அதிபர் ஜிஸ்கார் தெஸ்தாங்குக்காகப் போகூஸ் செய்த டிரஃபிள் காளான் சூப், மாவுத் தொப்பி உப்பி மூடிய கிண்ணத்தில் இங்கே பெயர் பெற்றது. கரண்டியால் அந்தத் தொப்பியை உடைத்ததும் எழும் மணத்துக்கு ஈடு சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. (இறைச்சிச் சாற்றில் செய்வது; சைவர்கள் கவனிக்க.)

ஜப்பான் அரங்கின் டகுமி-டெய் என்ற உணவகம் 2019-இல் வந்தது. நீர், மரம், மண், கல், வாஷி என்ற ஜப்பானியக் காகிதம் என ஐந்து பொருள்களை மையமாகக் கொண்டு அறைகளை அமைத்திருக்கிறார்கள். அமைதியில் மஸ்யூர் பாலை மிஞ்சும். நேரத்திலும் கூடுதலாக எடுத்துக்கொள்ளும். பூங்காவில் கழிக்கும் ஒரு மாலைக்கு எது ஏற்றது என்றால் நான் பிரான்ஸையே சொல்வேன். அது பூங்காவின் பின்வாசலை ஒட்டி இருக்கிறது. சாப்பிட்டு எழுந்தால் சில நிமிடங்களில் ஏரிக்கரையில் வாணவேடிக்கைக்கு இடம் பிடிக்கலாம், அது முடிந்ததும் முன்வாசல் கூட்டத்தில் சிக்காமல் வெளியேறலாம். இந்த இரண்டு உணவகங்களுக்குமே பூங்கா டிக்கெட் கட்டாயம் என்பதால், அந்தச் செலவையும் விருந்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள்.

அதே பின்வாசலிலிருந்து ஸ்கைலைனர் என்ற கம்பிவடக் கூண்டில் ஏறினால் ரிவியரா ஹோட்டலின் மாடியில் டோப்போலினோஸ் டெரஸ் என்ற உணவகம். பிரெஞ்சு, இத்தாலியக் கடற்கரைச் சமையல். எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ் இரண்டின் வானமும் தொலைவில் தெரியும். பயணமே இன்பம்தான். ஆனால் கோடையில் ஃப்ளோரிடாவின் இரு கரைகளிலிருந்தும் வீசும் கடற்காற்றுகள் நடுவில் மோதி, பிற்பகலில் இடிமழையைக் கொட்டும். மின்னல் அருகில் வந்தால் ஸ்கைலைனரை நிறுத்திவிடுவார்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மேஜையை நம்பினால், பஸ்ஸுக்கோ வாடகைக் காருக்கோ அரை மணி நேரம் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

யாரும் அதிகம் பேசாத மாலை

அனிமல் கிங்டம் நாளுக்கு வருகிறேன். அந்தப் பூங்காவுக்கு அருகிலுள்ள அனிமல் கிங்டம் லாட்ஜில் ஜிகோ என்ற உணவகம் 2001 முதல் இருக்கிறது. ஸ்வாஹிலியில் அந்தச் சொல்லுக்கு அடுப்படி என்று பொருள். பெயருக்கேற்ப உள்ளே விறகு அடுப்புகள் எரிகின்றன. ஆப்பிரிக்கச் சமையலோடு இந்தியப் பெருங்கடல் வாணிகம் கொண்டுபோய்ச் சேர்த்த மசாலாவும் கலந்திருப்பதால், நம் நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றாது. தென்னாப்பிரிக்க ஒயின்களுக்கும் பெயர்பெற்ற இடம். பூங்காவிலிருந்து பிற்பகலில் கிளம்பி, அறையில் ஒரு மணி நேரம் படுத்து எழுந்து, இங்கே ஏழு மணிக்கு உட்காருவது நான் அறிந்தவற்றிலேயே உடம்பை வருத்தாத ஏற்பாடு. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸைப் பூங்கா நாளில்தான் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயம் இருந்தாலும், அதற்கும் இந்த நாளையே கொடுங்கள்.

சைவம், முன்பதிவு

2019 அக்டோபர் முதல் டிஸ்னி வேர்ல்டின் உணவகங்களில் இறைச்சி, பால், முட்டை, தேன் எதுவும் சேராத உணவுகளுக்குப் பட்டியலில் பச்சை இலைக் குறி போடுகிறார்கள். முட்டை சேர்க்காத நம் வீட்டுப் பெரியவர்களுக்கு அந்த இலைதான் நம்பிக்கையான அடையாளம். 'வெஜிடேரியன்' என்று மட்டும் சொன்னால் முட்டை வந்துவிடும். தொடர் சுற்றாகப் பரிமாறும் இடங்களில் முன்பதிவின்போதே எழுதிவிடுங்கள். அன்று மேஜையில் உட்கார்ந்து சொன்னால் சமையலறையால் நல்லதைச் செய்ய முடியாது.

முன்பதிவு 60 நாட்களுக்கு முன் காலையில் திறக்கும். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள், வந்து சேரும் நாளுக்கு 60 நாள் முன்பே பத்து நாட்கள் வரைக்கும் சேர்த்துப் பதியலாம். அதனால் மற்றவர்களுக்கு நல்ல மணிநேரங்கள் கைநழுவுவது உண்மை. ஆனாலும் மனந்தளர வேண்டாம்: பெரும்பாலான உணவகங்களில் இரண்டு மணி நேரம் முன்புவரை கட்டணமின்றி ரத்து செய்யலாம் என்பதால், கடைசி இரண்டு நாட்களில் மேஜைகள் விடுபட்டபடியே இருக்கும். விக்டோரியா அண்ட் ஆல்பர்ட்ஸில் மட்டும் ரத்து விதி மிகக் கடுமை. அட்டை எண்ணைக் கொடுக்கும் முன் படித்துவிடுங்கள். புதுப்பிப்புக்காக உணவகங்களை மாதக்கணக்கில் மூடுவதும் உண்டு. நாள் குறிக்கும் முன் அதையும் பாருங்கள்.

அம்மாவிடம் இத்தனை உணவகங்களில் எது பிடித்தது என்று கேட்டால், மேலே சொன்ன எதையும் சொல்ல மாட்டார். ஜிகோவுக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் சனாவைச் சொல்வார். அதை ஃபைன் டைனிங் வரிசையில் யாரும் சேர்ப்பதில்லை. வெங்காயக் குல்சா, பன்னீர் பராட்டா, நான் ரொட்டி என்று ஐந்து வகை. தொட்டுக்கொள்ளப் புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய் உட்பட ஒன்பது கிண்ணங்கள். ஜன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும். ஒரு துண்டு ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டே அவர் அரை மணி நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஜூனில் அங்கே எட்டரை மணிவரை வெளிச்சம் இருக்கும். டிசம்பரில் ஐந்தரைக்கே சூரியன் இறங்கிவிடும். குளிர்கால விடுமுறையில் போகிறீர்கள் என்றால் நான்கு மணிக்கு மேஜை கேளுங்கள்.