திருமண ரத்தா, விவாகரத்தா?

விவாகரத்து, இருந்த திருமணத்தை முடித்துவைக்கிறது. ரத்து, அந்தத் திருமணமே சட்டப்படி செல்லாது என்கிறது. ரத்துதான் சுலபம் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் ஆதாரச் சுமை அதில்தான் அதிகம். மிரட்டிப் பெற்ற சம்மதம், மறைக்கப்பட்ட முந்தைய திருமணம் போன்ற ஒன்றை நிரூபித்தாக வேண்டும். மனம் ஒத்துப்போகவில்லை என்பது எடுபடாது. உண்மை தெரிந்த பிறகும் சேர்ந்து வாழ்ந்திருந்தால் வழக்கு பலவீனமாகலாம். சில காரணங்களுக்குக் காலக்கெடுவும் உண்டு. ஆகவே வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே நடந்ததைத் தேதிவாரியாகச் சொல்லுங்கள், சங்கடமானதையும் சேர்த்து. குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்; மறைக்கப்பட்ட திருமணத்தின் சான்றிதழ் நகல் கிடைத்தால் அதுவே வலுவான ஆதாரம்.

இருவரும் பிரியச் சம்மதித்தால் பெரும்பாலும் விவாகரத்தே நேர்வழி. ஏமாற்றப்பட்டவர்கள் மட்டும், வழக்கு முடிய நாள் கூடுதலானாலும், ரத்து கேட்டே போராடலாம். அது அவர்களுக்குச் சேரவேண்டிய நியாயம்.