கவுந்த ஸ்டூல்: இரண்டு வருஷம் மண்டி போட்ட கதை

மல்லிச் செடியைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கப் பார்த்தால் செடிதான் கையோடு வரும். இதை நான் தெரிந்துகொண்டது 2023 கார்த்திகையில். மதுரை திருநகரில் எங்கள் வீட்டு முன்னால் ஆறு மல்லிச் செடி நிற்கிறது. வருஷா வருஷம் நவம்பர் கடைசியில் கவாத்துப் பண்ணுவோம். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு மேலே இருப்பதையெல்லாம் வெட்டிவிட்டு, காய்ந்த குச்சியை ஒடித்து, தூரில் மண்டிக் கிடக்கும் களையைப் பிடுங்கி, எரு வைத்து மண் அணைத்துவிட்டால்தான் பங்குனியில் பூ கொட்டும். மேலே வெட்டுவது நின்றபடியே முடிந்துவிடும், தூரைச் சுத்தம் செய்ய மண்டி போட்டாக வேண்டும். போட்டேன். மூன்று செடி முடித்தேன். நாலாவதற்கு நகரலாம் என்று பார்த்தால் எழ முடியவில்லை. வலது முழங்காலில் ஆணி இறக்கிய மாதிரி ஒரு குத்து, இடது கால் மரத்துப்போய்க் கிடக்கிறது, பிடிப்பதற்கு அங்கிட்டும் இங்கிட்டும் ஒன்றுமில்லை, கைக்கு எட்டியது போன வருஷம் வைத்த பதியன், அதைப் பிடித்தேன், வேரோடு வந்துவிட்டது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டால் அவருக்கு டிவி சத்தத்தில் காது கேட்கவில்லை. கடைசியில் தவழ்ந்துபோய் வாசல்படியைப் பிடித்து எழுந்தேன். எதிர்வீட்டு அம்மா காம்பவுண்டுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்ன டீச்சர், பேரனுக்குத் தவழச் சொல்லிக் குடுக்குறீகளா?" என்று கேட்டார்.

பேரன் ஓசூரில் இருக்கிறான். அவன் அப்பாவிடம் போனில் இதைச் சொல்லிச் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை, பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்து இறங்கியது, உள்ளே மண்டி போட்டு எழுவதற்கான ஒரு ஸ்டூல்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். இரும்புக் குழாயை வளைத்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு சட்டம், நடுவில் ஒரு பலகை, பலகைக்கு மேலும் கீழும் ஃபோம் மெத்தை. ஒரு மாதிரி வைத்தால் சாதாரண ஸ்டூல், உட்காரலாம். அதையே தலைகீழாகக் கவிழ்த்தால் பலகை தரைக்கு நாலு விரல்கடை மேலே வந்துவிடும், ஸ்டூலின் கால்கள் மேலே பார்த்து நின்று இரண்டு பக்கமும் கைப்பிடி ஆகிவிடும். நாம் நடுவில் மண்டி போட்டுக்கொள்ள வேண்டியது. வேலை முடிந்ததும் இரண்டு கைப்பிடியையும் ஊன்றி எழுந்துகொள்ள வேண்டியது. அவ்வளவுதான் சமாச்சாரம், மோட்டார் கிடையாது, ஸ்பிரிங் கிடையாது. மடக்கினால் கதவுக்குப் பின்னால் சொருகிவிடலாம். நாலு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரு கையில் தூக்கிப் போகலாம். 150 கிலோ தாங்கும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் 71 கிலோ, அதனால் அது மெய்யா பொய்யா என்று சோதித்துப் பார்க்கவில்லை. விலை 2,850 ரூபாய் என்று பையன் சொன்னான், அம்மாவிடம் எப்போதும் குறைத்துத்தான் சொல்வான். எங்கள் வீட்டில் இதற்குப் பேர் கவுந்த ஸ்டூல்.

முதல் ஒரு மாசம் எனக்குப் பிடிக்கவே இல்லை. மெத்தை நன்றாக இருந்தது, சரி, ஆனால் மெத்தைக்கு மட்டும் என்றால் பழைய தலையணையைப் பாலிதீன் பையில் போட்டுக் கட்டிக்கொண்டாலே போதுமே. எழும்போது பழையபடி வலித்தது. தப்பு என் பக்கம் என்பது பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் போனபோதுதான் புரிந்தது. நான் ஒரு கைப்பிடியை மட்டும் பிடித்து, அதை இழுத்துக்கொண்டு எழுந்திருக்கிறேன், பஸ்ஸில் கம்பியைப் பிடித்து எழுவோமே அந்த மாதிரி. இதை இழுக்கக்கூடாது, அமுக்க வேண்டும். இழுத்தால் ஸ்டூல்தான் சாயும்.

அந்தப் பெண் சொல்லிக்கொடுத்ததை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் பெட்டிக்குள் வந்த தாளில் இது இல்லை. படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் என்று மூட்டு வலிக்காரர்களுக்குச் சொல்வார்கள் இல்லையா, இங்கேயும் அதே கணக்குத்தான். இறங்கும்போது இரண்டு கைப்பிடியிலும் உள்ளங்கையை ஊன்றிக்கொண்டு, நல்ல காலைத் தரையில் விட்டுவிட்டு, வலிக்கிற முழங்காலைப் பைய மெத்தையில் இறக்க வேண்டும். அப்புறம்தான் மற்ற முழங்கால். எழும்போது முதலில் நல்ல காலின் பாதத்தை முன்னால் கொண்டுவந்து மெத்தைக்கு வெளியே தரையில் வைக்க வேண்டும். மெத்தை நாலு விரல்கடை உயரத்தில் இருப்பதால் பாதம் முழங்காலைவிடத் தாழ்ந்து நிற்கும், அதனால் வெறுந்தரையில் எழுவதைவிட மூட்டு கொஞ்சம் கம்மியாக மடங்கும். இந்த நாலு விரல்கடைதான் இந்தச் சாமானில் கெட்டிக்காரத்தனம் என்று எனக்குத் தோன்றுகிறது. பிறகு உடம்பை முன்னால் சாய்த்து, மூக்கு முன்பாதத்துக்கு நேரே வரும்போது, இரண்டு கையையும் ஒரே சமயத்தில் நேர்கீழாக அமுக்கினால் இடுப்பு தானாகக் கிளம்பும். முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறதோ அவ்வளவுக்கு முழங்கால் சிப்பி தொடை எலும்பின் மேல் அழுந்துமாம், அந்த நிலையிலிருந்து முழு உடம்பையும் தொடைத் தசை ஒன்றே தூக்க வேண்டியிருப்பதால்தான் எழும்போது உயிர் போகிறதாம். கையும் பாதிச் சுமை எடுத்துக்கொண்டால் முழங்கால் மூச்சு விட்டுக்கொள்ளும். இது புரிந்த பிறகு கவுந்த ஸ்டூல் வேறு சாமான் ஆகிவிட்டது.

தோட்டத்துக்கு வாங்கினது, ஆனால் பாதி நாள் வீட்டுக்குள்தான் கிடக்கிறது. சிலிண்டர் மாற்ற அடுப்பு மேடைக்குக் கீழே தலையை விட வேண்டும், ஃப்ரிட்ஜில் காய்கறி டப்பா அடித்தட்டில், பீரோவில் பட்டுப்புடவை எல்லாம் அடியில், சிங்க்குக்குக் கீழே பைப் சொட்டினால் பார்க்க நான்தான் போக வேண்டும். வீட்டில் இத்தனை சாமான் தரையோரம் இருப்பது முழங்கால் போன பிறகுதான் கண்ணில் படுகிறது. பக்கத்துத் தெருவில் என்னோடு ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த டீச்சர் ஒருவர், தவக்காலம் முழுக்க இதை வாங்கிப்போய் வைத்திருந்தார். ராத்திரி ஜெபத்துக்கு முழந்தாளிட முடியாமல் மூன்று வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தே ஜெபம் பண்ணியிருக்கிறார். திருப்பிக் கொடுக்கும்போது ஒன்றும் சொல்லவில்லை, கூடவே ஒரு டப்பா நிறைய அதிரசம் வந்தது.

கோலத்துக்கு இது ஆகாது. மார்கழியில் ஆசையாக எடுத்துப்போனேன். தண்ணீர் தெளித்த வாசலில் வைத்தால் குழாயின் நாலு நுனியும் நாலு வட்டம் பதிக்கிறது, இரண்டடிக்கு ஒருமுறை எழுந்து நகர்த்த வேண்டியிருக்கிறது, நகர்த்தும்போது போட்ட புள்ளி அழிகிறது. இரண்டாம் நாளே விட்டுவிட்டேன். இப்போது நின்றபடி குனிந்து சின்னதாகப் படிக்கோலம் ஒன்றை இழுத்துவிட்டு வந்துவிடுகிறேன். முன்னெல்லாம் பதினைந்து புள்ளிக்குக் குறைந்து போட்டதில்லை. அதை விடுங்கள்.

உட்காரும் ஸ்டூலாக வைப்பதைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள், ஒன்று வாங்கினால் இரண்டு என்று. எனக்கு அதில் ஒரு பெரிய குறை தெரிகிறது. ஸ்டூலாக வைக்கும்போது கைப்பிடி எல்லாம் கீழே காலாகப் போய்விடுகிறதே, அப்போது எழுவதற்கு எதைப் பிடிப்பது? உயரமும் சாப்பாட்டு மேஜை நாற்காலி அளவுதான், மெத்தை அமுங்கினால் அதற்கும் கீழே. என் நாத்தனாருக்கு முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது, மண்டி போட வேண்டாம் என்று அவருடைய டாக்டர் சொல்லிவிட்டார். அவர் இங்கே வந்தபோது இதில் உட்கார்ந்து மொட்டுப் பறித்தார், எழும்போது நானும் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு கை கொடுக்க வேண்டியதாயிற்று. ஆபரேஷன் ஆனவர்கள், இரண்டு முழங்காலும் ஒன்றுபோல மோசமாக இருப்பவர்கள், தோள் வலியோ மணிக்கட்டு வலியோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதை வாங்க வேண்டாம். பாரம் மூட்டிலிருந்து கைக்குத்தான் மாறுகிறது, காற்றில் கரைந்து போவதில்லை.

நான் விழுந்தது ஒரே ஒரு தடவை. திருமங்கலத்துக்குப் பக்கம் தம்பி தோட்டத்தில், ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த மறுநாள். அங்கே கரிசல் மண். எங்கள் வாசல் செம்மண்ணில் பழகிய தைரியத்தில் ஸ்டூலை வைத்து மண்டி போட்டேன். களை பறிக்கும் வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. எழ அமுக்கியதும் வலது பக்கம் மட்டும் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கியது, நான் பக்கவாட்டில் போய்ச் சேற்றில் உட்கார்ந்தேன். அடி ஒன்றுமில்லை. ஸ்டூலைப் பிடுங்க இரண்டு ஆள் வேண்டியிருந்தது. தம்பி விடுவானா, உள்ளூர் வெல்டிங் பட்டறையில் சொல்லி, அடியில் தகடு வைத்து, அகலமாக, கனத்த குழாயில் தனக்கு ஒன்று செய்துகொண்டான். கல்லு மாதிரி நிற்கிறது. பதினோரு கிலோ. தோட்டத்தில் எந்த இடத்தில் இறக்கி வைத்தானோ அங்கேயேதான் இன்னும் இருக்கிறது, மாடு கட்டப் பயன்படுகிறது. நான் இப்போது ஈரமண்ணுக்குப் போனால் ஒன்றரையடிப் பலகைத் துண்டு இரண்டு எடுத்துப்போகிறேன், பக்கத்துக்கு ஒன்று.

தேய்மானம் பற்றி. முதலில் போனது பக்கத்தில் தொங்கிய சாமான் பை. களைக்கொத்து, கத்தரி வைக்க ஒரு துணிப்பை மாட்டிக் கொடுத்திருந்தார்கள், ஒரு கோடை தாங்கவில்லை, வெயிலில் இற்றுப்போய் விரலால் தொட்டால் கிழிகிறது. அடுத்தது மெத்தை. அது என் தப்பும்தான், மே மாசம் மொட்டைமாடியில் மறந்து விட்டுவிட்டேன், நம்ம ஊர் அக்னி நட்சத்திரத்தைச் சொல்ல வேண்டுமா, மேல்பக்கம் அப்பளம் மாதிரி விறைத்து வெடித்துவிட்டது. அது இல்லாவிட்டாலும் ஒன்றரை வருஷத்தில் இரண்டு முழங்கால் அளவுக்குக் குழி விழுந்து, அடிப்பலகை தட்டுப்பட ஆரம்பித்திருந்தது. சோபா தைப்பவரிடம் கொடுத்தேன். "இது செருப்புக்குப் போடுற ஃபோம்க்கா, ரெண்டு வருசம் வந்ததே பெருசு" என்று சொல்லி, கெட்டி ஃபோம் இரண்டு அங்குலத்துக்கு வைத்து மேலே ரெக்சின் தைத்துக் கொடுத்தார். 350 ரூபாய். கம்பெனி மெத்தையைவிட இது நூறு மடங்கு தேவலை, ஆனால் வேர்வைக்கு ரெக்சின் வழுக்கும், மேலே பழைய துண்டு ஒன்றை விரித்துக்கொள்கிறேன்.

துரு பிடித்தது மடக்கும் இடத்தில். வெளிப்பூச்சு நன்றாகத்தான் இருக்கிறது. போல்ட் உரசும் இடத்தில் மட்டும் பெயிண்ட் போய்விடுகிறது, அங்கே தண்ணீர் தங்குகிறது. உப்புத்தாளில் தேய்த்து ரெட் ஆக்ஸைடு அடித்து, மேலே மிச்சம் கிடந்த கேட் பெயிண்டை அடித்ததால் மூட்டு மட்டும் கறுப்பாக இருக்கிறது. அந்த மூட்டில் இன்னொரு விஷயம், விரிக்கும்போது பூட்டு 'டக்' என்று விழுந்த சத்தம் கேட்காமல் கை வைக்காதீர்கள். என் இடது சுட்டுவிரல் நகம் ஒரு மாசம் நீலமாக இருந்தது.

இப்போதைய தலைவலி ரப்பர் மூடி. குழாயின் நுனியில் போடுவது, இது இல்லாமல் டைல்ஸில் வைத்தால் ஸ்டூல் சறுக்குப்பலகை ஆகிவிடும். தேய்ந்து பிய்ந்து ஒன்றொன்றாகப் போனது. விற்ற இடத்தில் தனியாக மூடி கேட்டு மூன்று முறை போன் பண்ணினேன், புது ஸ்டூல்தான் இருக்கிறது வேணுமா என்று கேட்கிறார்கள். பழங்காநத்தத்தில் இரண்டு ஹார்டுவேர் கடை ஏறி இறங்கினேன், ஒன்று லூஸ், ஒன்று ஏறவே மாட்டேன் என்கிறது. கடைசியில் மருந்துக்கடையில் கைத்தடிக்குப் போடும் ரப்பர் தொங்குவதைப் பார்த்து, மறுநாள் ஸ்டூலையே ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்விட்டேன். கடைப்பையன் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது அளவு கச்சிதமாக உட்கார்ந்தது. நாலு வேண்டும் என்றேன், "பாட்டி, ஒரு கைத்தடிக்கு ஒன்னுதான் வேணும்" என்றான். அப்படியும் நாலு வாங்கி, உபரிக்கு இரண்டு சேர்த்து வாங்கி வந்தேன்.