வேலூரில் மசாஜுக்கு முன்பணம் கட்டாதீங்க. என் 14,500 ரூபாய் போச்சு

சனிக்கிழமை நடந்தது. இன்னிக்குப் புதன். வலது கையைத் தூக்கித் தலை வார முடியல. இடது கையாலதான் டைப் பண்றேன்.

நான் ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில அப்பர், அதாவது ஷூவோட மேல் பாகம் தைக்கிறவ. எட்டு மணி நேரம் குனிஞ்ச தலை நிமிராத வேலை. கழுத்தும் இடது தோளும் கல்லா இறுகிப்போயிடும். போன வருஷம் காட்பாடி பாலத்துல ஸ்கூட்டர் சறுக்கி வலது காறை எலும்பு உடைஞ்சதுல அங்க பிளேட்டும் ஆறு ஸ்க்ரூவும் இருக்கு. சும்மா தடவினாலே விரல்ல தட்டும்.

சத்துவாச்சாரியில ஒரு ஆயுர்வேத மசாஜ் சென்டர். பேர் போடல. பத்து சிட்டிங் மொத்தமா கட்டினா 14,500 ரூபாய், தனித்தனியா வந்தா அதிகம்னு சொன்னாங்க. தீபாவளி போனஸ்ல பொண்ணு காலேஜ் ஃபீசுக்குன்னு ஒதுக்கி வச்சிருந்த பணம் அது.

நான் ஏமாந்தது எங்கன்னா அங்க எழுதி வச்ச நோட்டுப் புத்தகத்துலதான். வரவேற்புல இருந்த பொண்ணு சுக்கு காபி குடுத்து உக்கார வச்சு, "உங்களுக்கு எது ஆகும், எது ஆகாது, எல்லாம் சொல்லுங்கக்கா"ன்னா. வலது தோள் பக்கம் கையே படக்கூடாது, உள்ள பிளேட் இருக்கு. கற்பூரம் கலந்த தைலம் ஆகாது, தோல் தடிக்கும். செய்யறது பொம்பளைங்களா இருக்கணும், செய்யற இடம் தவிர மத்த உடம்பு துண்டால மூடியே இருக்கணும். நான் சொல்லச் சொல்ல ஒண்ணு ஒண்ணா அந்த நோட்டுல எழுதிக்கிட்டு, பிளேட்டுங்கிற வார்த்தைக்குக் கீழ சிவப்புப் பேனாவால ரெண்டு கோடு போட்டா. "எங்க வீட்டு ஆள் மாதிரி பாத்துக்கறோம்க்கா." அந்த ரெண்டு கோட்டைப் பாத்துத்தான் 14,500-ஐயும் அங்கயே ஜிபே பண்ணேன்.

முதல் மூணு தடவை செஞ்சவங்க வயசான அம்மா. பொய் சொல்லக் கூடாது, தங்கமான கை. எண்ணெயைச் சுட வச்சு முதல்ல என் மணிக்கட்டுல ஒரு சொட்டு விட்டு, "சூடு போதுமாம்மா"ன்னு கேப்பாங்க. கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் "இவ்ளோ அழுத்தலாமா, கம்மி பண்ணவா"ன்னு கேப்பாங்க. குப்புறப் படுத்தா கட்டில்ல முகம் வைக்கிற ஓட்டை வழியா அவங்க பாதமும் மெட்டியும்தான் தெரியும். வாரக்கணக்கா இல்லாத தூக்கம் அந்த ராத்திரிகள்ல வந்துச்சு.

நாலாவது தடவை ஓட்டை வழியா பாத்தா மெட்டி இல்ல. வேற கால்.

"அந்த அம்மா வரலையா?"

"நின்னுட்டாங்க."

"என் நோட்டைப் பாத்தீங்களா?"

"எல்லாம் தெரியும்க்கா, படுங்க."

கற்பூர வாசனை வந்துச்சு. சொன்னேன். கொஞ்சம் எரியும், சரியாயிடும்னாங்க. அப்புறம் முழங்கையை வச்சு முதுகுல இறக்கினாங்க. "மெதுவா"ன்னேன். "வலிச்சாத்தான்க்கா கட்டு உடையும்." மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கிடந்தேன். வலது தோள்ல கட்டை விரலை வச்சு ஒரு அழுத்து. விரல் நுனி வரைக்கும் மின்சாரம் அடிச்ச மாதிரி ஓடுச்சு. கத்திக்கிட்டு எழுந்துட்டேன்.

வெளிய வந்து நோட்டை எடுக்கச் சொன்னேன். நான் சொன்னதை எழுதின பக்கம் இருக்கு, சிவப்புக் கோடும் இருக்கு. அந்தப் பொண்ணு நிமிர்ந்து பாக்கல. அந்த நிமிஷமே ஒரு போட்டோ எடுத்திருக்கணும், பதட்டத்துல எடுக்கல.

மேனேஜர் போன்ல, "மசாஜ்னா வலிக்கத்தான் செய்யும் மேடம்." மூணு தடவை நல்லா செஞ்சதுக்கு 4,350 போகட்டும், மிச்சம் 10,150-ஐக் குடுங்கன்னு நியாயமாத்தான் கேட்டேன். பில்லைத் திருப்பிப் பாருங்கன்னார். பின்னாடி எறும்பு சைஸ்ல, கட்டிய பணம் திருப்பித் தரப்படாதாம். ஞாயித்துக்கிழமை வாட்ஸ்அப்ல நாலு மெசேஜ், நாலும் நீல டிக், பதில் இல்ல. திங்கக்கிழமை நேர்ல போனா ஓனர் மேடம் சென்னை போயிருக்காங்களாம். செவ்வாய்க்கிழமை அதே மேனேஜர், "பிளேட் இருக்குன்னு நீங்க சொல்லவே இல்லையே"ங்கிறார்! நோட்டைக் காட்டுங்கன்னா, பழசு தீர்ந்துடுச்சு, புதுசு போட்டாச்சாம்.

எக்ஸ்ரேல பிளேட் நகரல, அந்த மட்டும் கடவுள் புண்ணியம். ஆனா தோள்ல உள்ளங்கை அகலத்துக்குக் கன்னிப்போயிருக்கு, ஒரு வாரம் மெஷின்ல உக்காரக் கூடாதுன்னுட்டாங்க. அந்தச் சம்பளமும் போச்சு. மூச்சைப் பிடிச்சுக்கிற அளவு வலிச்சா அழுத்தம் அதிகம்னு அர்த்தம், அப்பவே நிறுத்தச் சொல்லணும்னு பிசியோதெரபி பாக்கறவங்க சொன்னாங்க. இது எனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா அந்த முழங்கை இறங்கினப்பவே எழுந்திருப்பேன்.

விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன், கை கடுக்குது. சுருக்கமா சொல்றேன். மொத்தப் பணமும் முன்னாடி கட்டாதீங்க. நீங்க சொன்னதை எழுதினா அதைப் போட்டோ எடுத்துக்கோங்க. ஆள் மாறினா முதல்லேர்ந்து திரும்பச் சொல்லுங்க, கேக்காதவங்ககிட்ட படுக்காதீங்க. கால்ல நரம்பு சுருட்டல் இருக்கறவங்க, ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறவங்க டாக்டரைக் கேக்காம போகவே போகாதீங்க. பில்லோட பின்பக்கத்தையும் படிங்க.

1915-ல நுகர்வோர் புகார் குடுத்துட்டேன், நம்பர் வந்திருக்கு. ரெண்டு வருஷத்துக்குள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லன்னு விசாரிச்சு வச்சிருக்கேன். நாளைக்குக் காலையில அக்கா பையனைக் கூட்டிக்கிட்டு அந்த மசாஜ் சென்டருக்குப் போறேன். இப்ப 10,150 இல்ல, முழு 14,500-ஐயும் கேட்டு லெட்டர் ரெண்டு காப்பி எழுதியாச்சு. ஒண்ணுல கையெழுத்தும் சீலும் வாங்காம அந்தப் படியை விட்டு இறங்க மாட்டேன்.