ஓடைப் பள்ளத்தாக்குல ஜியோகேச்சிங்: போனா, தனி ஜிபிஎஸ் கருவியா?

ஒரு காலத்துல தண்ணி மில் ஓடின பள்ளத்தாக்கு, ரெண்டு பக்கமும் சரிவு, மேல மரம் மூடிக்கிடக்கு, அங்க கேச் (யாரோ ஒளிச்சு வச்சு, இருக்கிற இடத்தோட ஜிபிஎஸ் எண்களை இணையத்துல போட்ட டப்பா, அதைத் தேடுறதுதான் ஜியோகேச்சிங்) தேட போன் போதுமா தனி ஜிபிஎஸ் கருவி வேணுமான்னு கேட்டா, நான் ரெண்டையும் தூக்கிட்டு அலைஞ்ச ஆளு, சொல்றேன்.

கருவிதான் எப்பவும் துல்லியம்னு சொல்றதெல்லாம் பழைய கதைங்க. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் அனுப்புற அலைவரிசையில எல்1 பழசு, எல்5 புதுசு. 2018-லயே எல்1 கூட எல்5 அலைவரிசையும் பிடிக்கிற போன் வந்தாச்சு, சரிவுலயும் கல் சுவர்லயும் பட்டுத் திரும்பி வர்ற சிக்னல்ல ஏமாறாம இருக்க எல்5 நல்லாவே உதவும். என் பழைய கருவிக்கு எல்1 மட்டும்தான். சக்கரம் சுத்தின குழி பக்கத்துல நின்னா ஒரு நிமிஷம் 4 மீட்டர்ங்குது, அடுத்த நிமிஷம் ஓடைக்கு அந்தப் பக்கம் 15 மீட்டர்ங்குது. இன்னொண்ணு, கேச்சை ஒளிச்சு வச்சவரும் அதே மரத்தடியில நின்னுதான் அளந்திருப்பாரு, அவர் பிழையும் நம்ம பிழையும் சேந்துக்கும். கேச்சோட ஜிபிஎஸ் எண்ல டிகிரிக்கு அடுத்து வர்ற நிமிடத்துல மூணாவது தசம இலக்கம் ஒண்ணு மாறினா மிஞ்சிப்போனா சுமார் 1.85 மீட்டர்தான், அதைப் பிடிச்சுத் தொங்காம பத்து மீட்டருக்குள்ள வந்ததும் கண்ணை நம்புங்க.

காம்பஸ்லதான் வேடிக்கை. துருப்பிடிச்ச குழாய், மண்ணுல பாதி புதைஞ்ச பல்சக்கரம் இதுங்க பக்கத்துல போன் காம்பஸ் கன்னாபின்னான்னு திரும்பும். கருவியில விலை கம்மியான மாடலுக்குக் காம்பஸே கிடையாது, நடந்தாதான் திசை காட்டும், குறைன்னு நெனச்சேன், இங்க அதுதான் கைகொடுத்துச்சு, இரும்பு அதை ஒண்ணும் பண்ணாதுல்ல.

மழைன்னா கருவி, பேச்சே இல்ல. ஈரத்துல டச் ஸ்கிரீன் தானா எதையோ அமுக்கிக்கும், கருவியில பட்டன், ரெண்டு ஏஏ பேட்டரி மாத்தினா வேலை முடிஞ்சுது.

டவர் இல்லன்னு பயப்படாதீங்க, ஜிபிஎஸ்ஸுக்கு அது வேணாம், மேப்பையும் கேச் விவரத்தையும் மட்டும் முன்னாடியே இறக்கி வச்சுக்கணும். ஆங்கில எழுத்தை 13 இடம் தள்ளி மறைச்சு எழுதின கேச் குறிப்பை ஒரே தட்டுல பிரிக்க, மல்டி கேச்சுக்காக (ஒவ்வொரு இடமா துப்பு எடுத்து கடைசி டப்பாவுக்குப் போறது) மில் வாசக்கல்லுல இருக்கிற வருஷத்தைப் போட்டோ எடுக்க, கண்டுபிடிச்சதை இணையத்துல பதிய (லாக் போட), இதுக்கெல்லாம் போன்தான் சுலபம்.

புதுசா ஆரம்பிக்கிறவங்க இருக்கிற போனோட ஒரு பவர் பேங்க், ஜிப் போட்ட கவர் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. மழைக்காலத்துலயும் விடாம போற ஆளுன்னா கருவி வாங்குங்க, ஆனா எல்5 பிடிக்குதான்னு பாத்துட்டு.