கடலூரில் ஒரு வார இறுதி ஆங்கில வகுப்பு: ஆறு மாத அனுபவம்

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகளைத் திருப்பாதிரிப்புலியூரில் ஓர் ஆசிரியை தம் வீட்டு மாடியில் நடத்தும் ஆங்கில வகுப்பில் ஆறு மாதங்களுக்கு முன் சேர்த்தேன். சனி, ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், பதினான்கு பிள்ளைகள், மாதம் 800 ரூபாய். அதற்கு முன் வேறொரு பயிற்சி நிலையத்துக்கு ஓராண்டு அனுப்பினோம். அங்கே காலங்களின் அட்டவணையை ஒப்பிக்கக் கற்றாளே தவிர, வீட்டுக்கு வந்த விருந்தினர் ஆங்கிலத்தில் பெயர் கேட்டபோது என் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

இங்கே முதல் நாளே பெற்றோரை உட்கார வைத்து ஆசிரியை தம் கொள்கையைச் சொன்னார்: பிள்ளையின் கவனம் இலக்கணத்தில் அல்லாமல் பொருளில் இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்கும். 1979 முதல் 1984 வரை ஆங்கிலம் கற்பித்தல் அறிஞர் என். எஸ். பிரபு நடத்திய, 'பெங்களூர் திட்டம்' என்று கல்வியாளர்கள் குறிப்பிடும் முயற்சியிலிருந்து தாம் கற்றது இது என்றார். பாடத்தை விளக்குவதற்குப் பதிலாக, யோசித்துத் தீர்க்க வேண்டிய ஒரு வேலையைப் பிள்ளைகளிடம் கொடுப்பதே அந்த முறையின் உயிர்.

அன்று கொடுத்த வேலையை நானும் பின்வரிசையிலிருந்து பார்த்தேன். விழுப்புரம்–மயிலாடுதுறை ரயில்களின் நேர அட்டவணையை நகலெடுத்து ஆளுக்கொன்று தந்தார். மயிலாடுதுறையில் பத்தரை மணி முகூர்த்தத்துக்குப் பாட்டியை அழைத்துச் செல்ல வேண்டும். எந்த ரயில், ஏன் அந்த ரயில் என்று ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். என் மகள் எழுந்து, “மயிலாடுதுறை மார்னிங் டிரெய்ன் கோயிங்” என்றாள். ஆசிரியை திருத்தவில்லை. “யெஸ், இட் கோஸ் டு மயிலாடுதுறை இன் தி மார்னிங். வில் இட் பி லேட்?” என்று பேச்சைத் தொடர்ந்தார். சில நிமிடங்களில் அவளாகவே “இட் கோஸ் டு மயிலாடுதுறை” என்று சொன்னதைக் கேட்டபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

தமிழில் 'மயிலாடுதுறைக்கு' என்று உருபு சொல்லின் பின்னால் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அதே பொருளைத் தரும் 'டு' முன்னால் தனியே நிற்கிறது. 'தி'க்கோ நம்மிடம் நேரான சொல்லே கிடையாது. இந்த இடறலை அறிவுக்குறைவாகப் பார்க்காமல், தாய்மொழியின் இயல்பான தடமாகப் பார்க்கும் ஆசிரியர்கள் கிடைப்பது அரிது. சொல் வராமல் தவிக்கும் பிள்ளைக்குத் தமிழில் பேசவும் இங்கே தடையில்லை. “முதல்ல சொல்லிடும்மா, சரியா தப்பான்னு அப்புறம் பாத்துக்கலாம்” என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் கேட்கலாம்.

குறைகளும் உண்டு. எட்டாம் வகுப்புப் பிள்ளையையும் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளையையும் ஒன்றாக அமர்த்துவதால், பெரியவர்கள் முந்திக்கொண்டு விடை சொல்ல, சிறியவர்கள் வாயடைத்துப் போகிறார்கள். மாடியில் வெயில் காலத்தில் உட்கார முடியவில்லை. எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது எழுத்துக்கு மிகக் குறைவாகவே நேரம் ஒதுக்கப்படுவது: நன்றாகப் பேசத் தொடங்கிவிட்ட என் மகள், பள்ளித் தேர்வில் கடிதம் எழுதும் கேள்வியில் இன்னும் பழைய மதிப்பெண்ணிலேயே நிற்கிறாள். தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் ஆங்கில வகுப்பு தேடுபவர்களுக்கு இது பொருந்தாது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வாயைத் திறக்கவே அஞ்சும் பிள்ளை வீட்டில் இருந்தால், தயங்காமல் சேர்க்கலாம்.

எழுத்துப் பயிற்சி பற்றி ஆசிரியையிடமே பேசினேன். ஜூன் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி அரை மணி நேரத்தை, அன்று பேசியதையே எழுதிப் பார்ப்பதற்கு ஒதுக்குவதாகச் சொல்லியிருக்கிறார். அடுத்த ஆறு மாதங்களுக்கான கட்டணத்தைக் கட்டிவிட்டேன்.