அம்பாசிடர் டேப்பட் கவருக்கு கார்க் பேக்கிங்கா, சிலிக்கான் பேஸ்ட்டா?

பழைய 1489 சிசி பெட்ரோல் அம்பாசிடர் வைத்திருப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. இன்ஜின் மேலே வால்வுகளை மூடியிருக்கிற டேப்பட் கவர் ஓரத்தில் ஆயில் கசியுது, எதைப் போட்டு அடைக்கிறது? தண்டையார்பேட்டையில் என் வண்டியைப் பார்க்கிற மெக்கானிக் பாய், "பேஸ்ட் போட்டா சொட்டுகூட வராது சார்" என்றார். "மறுபடி திறக்கணுமே பாய், கார்க்கே போடுங்க" என்றேன். கார்க்தான் போட்டோம், அதிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் நான் கார்க் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

விலையெல்லாம் பெரிய விஷயமில்லை, இரண்டுமே மலிவுதான். உதிரி பாகக் கடைகள் இருக்கிற புதுப்பேட்டையில் தேடினால் வெட்டிய பேக்கிங் கிடைக்கும். இல்லையென்றால் கார்க் ஷீட் வாங்கிப் பழையதை மேலே வைத்து வரைந்து வெட்டிக்கொள்ளலாம்.

திரும்பத் திறப்பதில்தான் எல்லாமே இருக்கிறது. இந்த இன்ஜினில் வால்வுக்கும் அதை அழுத்துகிற ராக்கருக்கும் நடுவே இருக்கிற இடைவெளி தானாகச் சரியாகாது, சில ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடு) வைத்து ஸ்க்ரூவைத் திருப்பித்தான் ஆகணும். எண்ணூர் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால், வெயிலில் இன்ஜின் ஓடியபடியே ஊர்ந்து போகிறவர்களுக்கு, இடைவெளி கூடினால் வருகிற டேப்பட் சத்தத்தைக் கேட்டும் கேட்காத மாதிரி இருக்க முடியாது. அப்போது கவரைக் கழற்றணும், சரிபண்ணிவிட்டு அன்றைக்கே மூடணும், அன்றைக்கே ஓட்டணும். கார்க்கை ஒழுங்காகப் போட்டிருந்தால் இது மிகச் சின்ன வேலை. ஒழுங்கு என்றால், கவர் பக்கம் மட்டும் ஷெல்லாக் என்கிற ஒட்டுப்பசை தடவி ஒட்ட வேண்டும், இன்ஜின் ஹெட் பக்கம் லேசாக கிரீஸ் பூசினால் போதும். அடுத்த முறை இரண்டு நட்டையும் கழற்றித் தூக்கினால் பேக்கிங் கவரோடு ஒட்டிக்கொண்டே வரும், கிழிந்திருக்காவிட்டால் அதையே திரும்ப உட்கார வைக்கலாம். கடையில் ரொம்ப நாள் கிடந்த கார்க் காய்ந்து சுருங்கியிருக்கும், வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் ஊற வைத்தால் பழைய அளவுக்கு வரும்.

பேஸ்ட் போட்ட கவரைத் திறப்பதோ தனி வேலை. தட்டிப் பெயர்த்து, இரண்டு பக்கமும் பிளேடால் சுரண்டி, பனியன் வேஸ்ட்டில் துடைத்து, ஆயில் பிசுக்கு துளிகூட இல்லாமல் செய்தால்தான் புதுப் பேஸ்ட் பிடிக்கும். பிடித்தபிறகும் நன்றாக இறுக ஒரு நாள் விட வேண்டும். இதைவிட எனக்குப் பெரிய கவலை, உள்பக்கம் பிதுங்கி நிற்கிற துணுக்குகள். அவை உதிர்ந்து புஷ் ராட் ஓட்டை வழியாக, அடியில் ஆயில் தேங்குகிற சம்ப்புக்கு இறங்கினால் ஆயில் பம்ப் வலையில் போய் ஒட்டும். ஒழுகலை நிறுத்தப் போய் ஆயில் பிரஷரில் கை வைப்பதா?

பேஸ்ட்டுக்கும் நியாயம் இருக்கிறது. யாரோ நட்டை அளவுக்கு மீறி முறுக்கித் தகரக் கவரின் விளிம்பு வளைந்திருந்தால் கார்க் தோற்கும், பேஸ்ட் இடைவெளியை நிரப்பும். நான் அப்போதும் விளிம்பைச் சமமான பலகைமேல் வைத்துத் தட்டி நிமிர்த்தவே சொல்வேன். நட்டுக்குக் கீழே இருக்கிற ரப்பர் புஷ்ஷையும் மாற்றுங்கள், பல வண்டிகளில் கசிவதே அதன் வழியாகத்தான். சம்ப்பில் பேக்கிங் துண்டுகள் சந்திக்கிற மூலைகளில் ஒரு பொட்டு பேஸ்ட் வைப்பது நல்லது என்பார்கள். அதைப் பக்கத்தில் நின்று பார்த்ததோடு சரி, என் கையால் சம்ப்பை இறக்கியதில்லை. அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங்கும் வருகிறது, நான் போட்டுப் பார்க்காததால் ஆதரித்தோ எதிர்த்தோ எதுவும் சொல்லப்போவதில்லை.

எதைப் போடுவதானாலும் அதற்கு முன் இன்ஜின் உள்காற்றை வெளியே விடுகிற பிரீத்தரைப் பாருங்கள். டேப்பட் கவரிலிருந்து ஏர் கிளீனருக்குப் போகிற ஹோஸ் மடிந்தோ அடைத்தோ இருந்தால் உள்ளே காற்றழுத்தம் ஏறி, ஆயில் கிடைத்த சந்திலெல்லாம் வெளியே வரும். பின்பக்கம் கிராங்க் ஷாஃப்ட்டில் இந்த இன்ஜினுக்கு ரப்பர் சீல் கிடையாது, திருகு மாதிரி வெட்டிய பள்ளம்தான் ஆயிலை உள்ளே திருப்பி அனுப்புகிறது. அழுத்தம் ஏறினால் முதலில் அங்கேதான் சொட்டும், பேக்கிங்கைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லையா, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவிக் காயவிட்டு, முகப் பவுடரைத் தூவி, பத்து நிமிஷம் ஓட்டிப் பாருங்கள். ஆயில் வருகிற வழி கோடு போட்ட மாதிரி தெரியும்.

ஹோஸ் மாற்றும்போதும் இதே மாதிரி ஒரு போட்டி இருக்கிறது: கறுப்பு நைட்ரைல் ரப்பரா, நீலக்கலர் சிலிக்கானா? சிலிக்கான் பார்க்க அழகு, சூட்டையும் நன்றாகத் தாங்கும். ஆனால் பெட்ரோல் ஆவியும் ஆயில் ஆவியும் படுகிற இடத்துக்கு அது சரிப்படாது, ஊறி இளகும். சுவர் மெலிசாக இருந்தால் வளைவில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். அதனால் பிரீத்தருக்கும், கார்புரேட்டர் உறிஞ்சலை டிஸ்ட்ரிபியூட்டருக்குக் கொண்டுபோகிற வாக்குவம் லைனுக்கும் எனக்கு நைட்ரைல்தான். அந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஹோஸை கார்புரேட்டரில், ஆக்சிலரேட்டரோடு திறந்து மூடுகிற த்ராட்டில் தகட்டுக்கு மேலே இருக்கிற சின்னத் துளையில் மாட்டுங்கள். ஐடிலிங்கில் அங்கே உறிஞ்சல் இருக்காது, ஆக்சிலரேட்டர் கொடுத்தால்தான் வரும், அப்படித்தான் இருக்க வேண்டும். இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டினால் ஐடிலிங்கிலேயே ஸ்பார்க் டைமிங் முன்னால் போய் நிற்கும், அதை மறைக்க ஐடில் ஸ்க்ரூவைக் குறைப்பார்கள், அப்புறம் பிக்கப்பில் தடுமாறுகிறது என்று கார்புரேட்டரைப் பிரிப்பார்கள்.

மாட்டுவதற்கு முன் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, அதற்கு வருகிற ஹோஸின் மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். மூடிக்குள் இருக்கிற பாயின்ட் தட்டு நகர்ந்து, நாக்கால் ஹோஸை அடைத்து வைத்திருக்கிற வரை அங்கேயே நிற்கணும். காற்று தாராளமாக வந்தால் உள்ளே உறிஞ்சலுக்கு நகர்கிற டயாஃப்ரம் சவ்வு கிழிந்திருக்கிறது, எந்த ஹோஸ் போட்டாலும் பிரயோஜனமில்லை.